நீலமாக மின்னிய பஞ்சு

கட்டிய புருஷனைத் தானே காட்டிக்கொடுக்கிற உத்தியோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவளுக்கு அன்று காலை வாய்த்தது.

நகரத்தின் தண்ணீர் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கடலில் குளித்த பிள்ளைகள் சிலருக்கு வயிறு கெட்டுப்போய், கரையில் 'இறங்காதீர்கள்' என்று பலகை நட்டாகிவிட்டது. மழைத் தண்ணீர் மட்டும் போக வேண்டிய வடிகாலில் யார் வீட்டுக் கழிவறைத் தண்ணீரோ கலந்து கடலுக்கு வருகிறது என்று எல்லோருக்கும் சந்தேகம். எந்தத் தெரு என்று பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. துணி வெள்ளையாகத் தெரிவதற்காகச் சலவைத் தூளில் ஒரு சரக்கைச் சேர்க்கிறார்கள். புற ஊதா விளக்கில் காட்டினால் அது நீலமாக மின்னும். எதுவும் கலக்காத பஞ்சைக் கம்பி வலையில் சுருட்டி வடிகாலுக்குள் சில நாள் தொங்கவிட்டு, எடுத்து விளக்கில் காட்ட வேண்டும். மின்னினால் ஏதோ ஒரு வீட்டுக் குழாய் அங்கே வந்து சேர்கிறது. துவைத்த தண்ணீர் வருகிற வழியில் மற்றதும் வராமலா இருக்கும்!

ஐந்து தெருக்களில் பஞ்சு தொங்கவிட்டிருந்தாள். நான்கு பஞ்சுகள் விளக்கடியில் உம்மென்று கிடந்தன. ஐந்தாவது பளிச்சென்று மின்னியது. அது அவள் குடியிருக்கும் தெருவில், அவள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே தொங்கிய பஞ்சு. அந்தத் தெருவில் அத்தனை வீட்டுக்கும் குழாய் போட்டவர் அவளுடைய வீட்டுக்காரர். 

அவருக்குத் தெருவில் வைத்த பெயர் ரசமட்டம். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்வார்கள், இவர் சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை வைத்துக்கொள்வார். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்துப் பார்த்து, "கால் அங்குலம் சாயுதுங்களே" என்று சொல்லி அவள் மானத்தை வாங்கிய மகானுபாவர். அவர் போட்ட குழாயா வழிமாறிப் போயிருக்கும்? ஆனால் விளக்குக்கு அவரைப் பற்றி என்ன தெரியும், மின்னியதைக் காட்டிவிட்டது. இது வெளியே போனால் அதற்கப்புறம் அவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

மதியம் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், பதிலுக்கு என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். அவர் குதிக்கவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேங்க."

"சரி" என்று பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

சோதனைக்கூடத்துக்குத் திரும்பியபோது மேடம் அவளுக்காகக் காத்திருந்தார். அங்கே தலைமை அவர்தான். பஞ்சு தொங்கிய அதே இடங்களிலும் வடிகால் கடலில் விழும் இடத்திலும் எடுத்த தண்ணீரில் இருப்பது மனிதக் கழிவா வேறெதுவுமா என்று மரபணுவை வைத்துப் பார்ப்பது அவர் வேலை.

"உங்க தெருத் தண்ணி சுத்தம்மா. மனுஷக் கழிவு துளிகூட இல்ல. மத்த நாலு தெருவும் அப்படித்தான். கடல்ல விழற இடத்துல எடுத்த தண்ணியில மட்டும் பூரா பறவை எச்சம். அங்க பாலத்துக்கு அடியில புறா ஒரு காலனியே கட்டி வச்சிருக்கு."

"அப்ப பஞ்சு ஏன் மேடம் மின்னுச்சு?"

"எதுல போட்டுக் கொண்டுவந்த?"

அவள் இழுத்து இழுத்துச் சொன்னாள். நான்கு பஞ்சுகளை அதற்கென்று கொடுத்த பிளாஸ்டிக் உறைகளில்தான் போட்டாள். ஐந்தாவதற்கு உறை தீர்ந்துபோயிற்று. வீட்டு வாசல்தானே என்று அலட்சியமாகத் தோளில் கிடந்த துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மேடம் அந்தப் பையை வாங்கி விளக்கடியில் விரித்தார். பை முழுவதும் நீலமாக எரிந்தது. மேடத்தின் மூக்குக் கண்ணாடியில்கூட நீலம் தெரிந்தது.

அவள் வீட்டில் துணி துவைப்பது அவர்தான். ஒரு கரண்டி தூள் போட வேண்டிய இடத்தில் மூன்று போடுவார், அலசுவதற்கு மட்டும் தண்ணீரை மிச்சம் பிடிப்பார். பெண்டாட்டி ஆபீசுக்குக் கொண்டுபோகிற பை என்று அதற்கு இன்னும் ஒரு கரண்டி சேர்த்திருப்பார். ஈரப் பஞ்சு பையிலிருந்த தூளையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது.

"வடிகால்ல போடாத வெறும் பஞ்சு ஒண்ணையும் கூடவே அதே பையில கொண்டுவான்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? அதுவும் சேர்ந்து மின்னியிருந்தா கோளாறு பையிலதான்னு அங்கேயே தெரிஞ்சிருக்கும்ல?" மேடம் வறுத்தெடுத்தார். அவளுக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டுங்கள் என்று கேட்கலாம்போல் இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

தெருமுனையிலேயே சுத்தியல் சத்தம் கேட்டது. குளியலறை வாசலில் நாற்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா? உன் புருஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நான் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

உள்ளே டைல்ஸ் பெயர்ந்து கிடந்தது. அவர் பள்ளத்துக்குள் முட்டிவரை மண்ணோடு நின்றிருந்தார். திறந்து கிடந்த குழாய்மேல் ரசமட்டம் இருந்தது.

"நம்ம குழாய் சரியாத்தான் போகுது" என்றார். குரல் உடைந்திருந்தது. "அப்ப வேற வீட்டுலதான் தப்பு பண்ணியிருக்கேன். எல்லார் வீட்டுலயும் போய்ச் சொல்லிட்டேன், பிழை என்னோடதுதான், உடைச்சுப் பாத்துச் சரி பண்ணித் தரேன்னு."

"ஐயோ, பிழையே இல்லீங்க!"

பையையும் தூளையும் புறாவையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டித் தீர்த்தாள். அவர் அதையெல்லாம் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப அந்தப் புள்ளைங்களுக்கு வயிறு கெட்டது நம்மால இல்லையே?"

"நம்மால இல்லவே இல்லீங்க."

அவர் பள்ளத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மண் அப்பிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பேர் கெடுமே, பிழைப்பு போகுமே என்று அவள் காலையிலிருந்து தவித்திருந்தாள். இந்த மனுஷன் யார் பெற்ற பிள்ளைகளையோ நினைத்துக் கடப்பாரையைத் தூக்கியிருக்கிறார். அவளும் பள்ளத்துக்குள் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க போட்ட குழாயில தப்பு வருமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? சண்டை போட்டிருக்கலாமே?"

"நீ பாத்தேன்னு சொன்ன. அப்புறம் என்ன கேக்கறது?"

அவள் முந்தானையால் அவர் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டாள். புடவையை உதறிக்கொண்டு மேலே ஏறினாள்.

"எங்க போற?"

"தெருவுல எல்லார் வீட்டுக்கும். பிழை என்னோடதுன்னு சொல்ல."

"நானும் வரேன் இரு" என்று அவர் எழுந்தார்.

"நீங்க குழாயை மூடுங்க. இதை நான்தான் சொல்லணும்" என்றாள். செருப்பைக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.