மாஸ்ரர் மறந்த வசனம்

கனகலிங்கம் மாஸ்ரர் வருகிறார் என்று தெரிந்ததும் செல்வரட்ணம் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மரியாதைக்காக அல்ல. வட்டுக்கோட்டையிலிருந்து குருநகருக்கு வருகிற ஒருவர் தன்னை வெறும் மேலோடு பார்த்துவிட்டால், திரும்பிப் போய் அதையே ஒரு மாதத்துக்குக் கதைப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

எழுபது வயது தாண்டியும் செல்வரட்ணத்தின் முதுகு வளையவில்லை. மீன்பிடி வள்ளங்களை விற்ற பிறகும் வளையவில்லை. கோயில் முன்றலில் ஆடிய கூத்துகளில் அவருடைய தகப்பனும் பாட்டனும் அரச வேடத்தைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அவரும் அப்படியே. ஒருமுறை மந்திரி வேடம் தரப் பார்த்த கூத்தாசிரியரோடு வருடக்கணக்காகக் கதைக்காமல் இருந்தவர்.

இப்போது மகன் கிறிஸ்ரோபரோடு கதைக்காமல் இருந்தார். கிறிஸ்ரோபரின் மனைவி மேர்சி வட்டுக்கோட்டையில் படிப்பிக்கிறாள். பஸ் மாறிப் போய்ப் பஸ் மாறி வருவதிலேயே அவளுடைய பொழுது போய்விடுகிறது. அங்கே ஒரு ஒழுங்கையில் நல்ல கல்வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது, கனகலிங்கம் மாஸ்ரர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. கிறிஸ்ரோபர் அதை வாங்க ஆசைப்பட்டான். ஆனால் தகப்பன் "ஓம்" என்று சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் எவரும் உறுதி எழுத நொத்தாரிசின் படியேறியதில்லை. தகப்பன் சொல்லவில்லை.

"அங்கை போய் ஏன் மற்றவையின்ரை கண்ணுக்குக் கீழை நிக்க வேணும்? எங்கடை ஆக்களோடை இருந்தால் காணாதோ?"

"வீடு வாங்கப் போறன் அப்பா. வேலைக்கு நிக்கப் போகேல்லை."

"உது உனக்குத் தெரியும். அவைக்குத் தெரியுமோ?"

அத்தோடு பேச்சு நின்றது. அதன் பிறகு சோறு வேண்டுமா என்பதைக்கூட மேர்சி ஊடாகவே கேட்டுக்கொண்டார்கள்.

கனகலிங்கம் மாஸ்ரர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். கலை வட்டம் ஒன்று நடத்துகிறார். இந்த வருடம் அவர் எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்க நாடகம். கறுப்பினக் குடும்பம் ஒன்று வெள்ளையர் தெருவில் வீடு வாங்குகிறது. தெருச் சங்கத்தின் சார்பில் வெள்ளைக்காரக் கனவான் ஒருவர் வந்து, மிகுந்த பண்போடு, வர வேண்டாம் என்கிறார். தமிழாக்கம், நெறியாள்கை, கனவான் வேடம் எல்லாம் மாஸ்ரரே. கறுப்புக் குடும்பத்துக்குக் குருநகரிலும் அடுத்த மீனவர் ஊரான பாஷையூரிலும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார். செல்வரட்ணத்தின் இளைய மகள் ஜெசிதாவுக்குத் தாய் வேடம். அந்தப் பிள்ளைகளுக்கு மை பூசித்தான் கறுப்பாக்க வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரையும்விட ஒரு படி கறுப்பான மாஸ்ரர், அரை ரின் முகப் பவுடரை அப்பிக் கோட்டும் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர் ஆனார். யார் எந்தப் பக்கம் என்பதை அவர் நிறம் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. அதற்கு ஊரில் சாதி என்று வேறொரு சொல் உண்டு. மாஸ்ரர் அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டார், பழக்கவழக்கம் என்பார். கறுப்பின மக்களின் துயரத்தை விளக்கும்போது அவர் கைக்குட்டை நனைய அழுததாக ஜெசிதா வந்து சொன்னாள்.

அவள் தன் வசனத்தோடு மற்றவர் வசனத்தையும் சேர்த்தே வீட்டில் பாடமாக்கினாள். மீன் வெட்டும்போதும் சொன்னாள், துணி துவைக்கும்போதும் சொன்னாள். கூத்துக்காரர் வீட்டில் காதில் விழுந்தது மனதில் ஏறிவிடும். அங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. மேடையில் ஒருவன் வரி தவறி நின்றால், ஜென்மப் பகையாளியாக இருந்தாலும், பக்கத்தில் நிற்பவன் எடுத்துக் கொடுத்துவிடுவான். வரியை அந்தரத்தில் விடுவது அவர்களுக்குப் பாவம்.

மாஸ்ரர் வந்து விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தார். மேர்சி தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

"எனக்குச் சீனி வருத்தம், பிள்ளை."

"சீனி போடேல்லை மாஸ்ரர்."

மாஸ்ரர் சற்று யோசித்தார். "இண்டைக்கு விரதமும்."

"தண்ணியும் குடிக்காத விரதமோ?" என்று உள்ளேயிருந்து ஜெசிதாவின் குரல் கேட்டது. மாஸ்ரருக்கு அது காதில் விழவில்லை.

"செல்வரட்ணம் அண்ணை," என்று தொடங்கினார். இத்தனை காலமும் வெறும் செல்வரட்ணம்தான். அண்ணை அன்றைக்குத்தான் முளைத்தது. "உங்கடை மகன் எங்கடை ஒழுங்கையிலை வீடு பாக்கிறாராம். உங்களுக்கு அதிலை சம்மதமில்லை எண்டு கேள்விப்பட்டன். அதுதான் ஒருக்கால் கதைப்பம் எண்டு வந்தனான்."

"ஓம். எனக்கு விருப்பமில்லை." வாசலில் நின்ற மகனுக்குக் கேட்கட்டும் என்று செல்வரட்ணம் கொஞ்சம் உரத்தே சொன்னார். கிறிஸ்ரோபர் நிலத்தைப் பார்த்தான்.

"பெரியாக்கள் பெரியாக்கள்தான்," என்று மாஸ்ரர் உற்சாகமானார். "நாங்கள் ஒழுங்கையிலை எல்லாருமாக் கூடிக் கதைச்சனாங்கள். ஒருத்தருக்கும் உங்களிலை வெறுப்பு இல்லை, அண்ணை. ஆனா..."

அடுத்த சொல் வரவில்லை. மாஸ்ரர் வாயைத் திறந்தபடி முகட்டைப் பார்த்தார், சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பார்த்தார். எங்கும் அது எழுதியிருக்கவில்லை. அந்த அவஸ்தையைச் செல்வரட்ணத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஆனால் அவரவர் தம்மவரோடு வாழ்வதே குழந்தைகளுக்கு நிம்மதி," என்று கனவானின் வரியை எடுத்துக் கொடுத்தார்.

"அதுதான் அண்ணை, அதுதான்." மாஸ்ரருக்கு மூச்சு வந்தது. கிடைத்த வரியைப் பிடித்துக்கொண்டு நாடகத் தமிழிலேயே ஓடினார். வலக்கை தானாக நெஞ்சுக்குப் போனது. "இதை உங்கள் நன்மைக்காகவே சொல்கிறோம். இதில் நிறத்துக்கு இடமே இல்லை, அம்மா."

விறாந்தையில் அவருக்கு எதிரே அம்மா எவரும் இருக்கவில்லை. சால்வையும் மீசையுமாகச் செல்வரட்ணம்தான் இருந்தார்.

முதலில் சிரித்தது மேர்சி. ஜெசிதா கதவு நிலையில் வந்து சாய்ந்தாள். "பவுடர் பூசாமல் வெளிக்கிட்டிட்டியள் மாஸ்ரர்."

செல்வரட்ணம் சிரிக்கவில்லை. தான் எடுத்துக் கொடுத்த வரியை மனதுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். மகனுக்கு இவ்வளவு நாளும் தான் சொன்னதும் அதே வரிதான், கோட்டுப் போடாமல் சொன்னது மட்டுமே வித்தியாசம். மூன்று தலைமுறையாக அரசனாக நின்ற வீடு, ஒழுங்கைச் சங்கத்துக்குப் பின்பாட்டுப் பாடியிருக்கிறது. மந்திரி வேடம் இதைவிட எவ்வளவோ மேல்.

அவர் எழுந்தார். "மாஸ்ரர், எனக்கு உங்கடை ஊர் பிடிக்காது. அது எங்கடை வீட்டுக் கதை. நீங்கள் வர வேண்டாம் எண்டு சொல்லி நாங்கள் வராமல் விட்டால், அது வேறை கதை."

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை."

"சொன்னனீங்கள். பாதி நான் சொல்லித் தந்தன்." மகன் பக்கம் திரும்பினார். "கிறிஸ்ரோபர், நொத்தாரிசிட்டை எப்ப போறது?"

"நீங்கள் ஓம் எண்டால் வெள்ளிக்கிழமை, அப்பா."

"ஓம்."

மாஸ்ரர் செருப்பைத் தேடிக் கால்களால் துழாவினார். படியில் இறங்கியவர் கலைஞராகித் திரும்பினார். "பிள்ளை ஜெசிதா, ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு வருவீர்தானே? பிரதம விருந்தினருக்கும் சொல்லியாச்சு."

"வராமல் இருப்பனோ? நான் வந்தால்தானே நீங்கள் வர வேண்டாம் எண்டு சொல்லலாம்."

மாஸ்ரர் போன பிறகு கிறிஸ்ரோபர் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம். உனக்காக இல்லை." செல்வரட்ணம் சால்வையை உதறிக் கதிரையில் போட்டார். "நானும் வந்துதானே இருக்க வேணும். அங்கை மீன் எப்ப வரும்?"

மேர்சி தயங்கினாள். "காலமை பத்து மணிக்கு ஒருத்தர் மோட்டச்சைக்கிளிலை கொண்டு வருவார், மாமா. ஐஸ் பெட்டியிலை."

"ஐஸ் பெட்டியிலை," என்றார் செல்வரட்ணம்.

அந்த ஒழுங்கைக்காரர் தரக்கூடிய அவமானம் எல்லாவற்றையும் தாங்க அவருடைய முதுகு தயாராகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுப் படலை வாசலில் நின்று, நேற்றைய மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, எவனிடமோ விலை கேட்பது? அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். அவருடைய வம்சத்தில் அதுவரை எந்த அரசனும் அதைச் செய்ததில்லை.