கடைசி ஆள் வரும் வரை

"அப்பா, நீ கேங்காமே? எத்தன பேர வெட்டியிருக்க?"

இரண்டாம் வகுப்பில் படித்தபோது பிளசி இப்படிக் கேட்டாள். செபாஸ்டின் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். மொரப்பூர்ப் பக்கம் தண்டவாளம் பராமரிப்பவர் அவர். அந்த ஆட்களைக் கேங் என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பா காலத்தில் ஊரே மரியாதையாகச் சொன்ன சொல். இப்போது டிவியில் கத்தியோடு ஓடுகிறவர்களுக்கும் அதுவே பெயர்.

"யாரு கண்ணு சொன்னது?"

"கலைமதி. எங்கூட யாரும் சோறு திங்க வர மாட்டேங்கறாங்க. நாலு நாளா ஒண்டியாத்தான் உக்காந்து திங்கறேன்."

சனிக்கிழமை செபாஸ்டின், மனைவி ராஜமேரியிடம் சொல்லி, மகளைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கேங் ஆட்கள் கூடும் புளியமரத்தடிக்கு வரவழைத்தார். ஏழு டிபன் பாக்ஸ்கள் வரிசையாக இருந்தன. ஒன்றும் திறக்கப்படவில்லை.

"பசிக்குதுப்பா. ஏன் யாரும் திங்கல?"

"பச்சியப்பன் பெரியப்பா இன்னும் லைன்ல வந்துட்டிருக்காரு. கடைசி ஆளு வராம எங்க கேங்ல யாரும் மூடியத் தொறக்க மாட்டோம்."

சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு பச்சியப்பன் வந்தார்.

"அட, ரவுடி செபாஸ்டின் மவளா! உங்கப்பன் எலியப் பாத்தாலே ஓடுவான் சாமி!"

மரத்தடியே சிரித்தது. சாப்பிடும் முன் செபாஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டார். பச்சியப்பன் தீர்த்தமலைக் கோயில் இருக்கும் திசையைக் கும்பிட்டார். பிளசிக்கென்று தனியாக யாரும் கொண்டுவரவில்லை. மற்றவர்கள் எடுத்து வைப்பதற்குள் பச்சியப்பன் தன் ராகிக் களியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"எனக்கு வயிறு சரியில்ல. நீ தின்னு."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர் வேறு எதையும் தொடவில்லை. பிறகு குழாயடியில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததைப் பிளசி பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளியில் அவள் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"திங்கலயாடி?" கலைமதி தள்ளி நின்று கேட்டாள்.

"எல்லாரும் வரட்டும். எங்கப்பா கேங்ல அப்படித்தான்."

கலைமதி தன் இடத்துக்குத் திரும்பினாள். பிறகு தன் பாக்ஸைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பாக்ஸ்கள் சேர்ந்தன. அன்றிரவு பிளசி சொன்னதைக் கேட்டு செபாஸ்டின் ஒரு வாரமாக அடக்கியிருந்த மூச்சை விட்டார். கடவுள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார், ஒரு வாய்ச் சோற்றின் அளவில்.

பிளசி இப்போது தருமபுரியில் நர்ஸ். பழைய தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்குக் கலைமதிதான் பெயர் வைத்தாள்: 'நம்ம கேங்'. பக்கத்தில் ஒரு பூ.

போன மாதம் அதில் ஒரு செய்தி வந்தது. ஓய்வு பெற்ற பச்சியப்பன் காய்ச்சலில் கிடக்கிறார். அவருடைய மனைவி தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மறுநாள் மதியம் பிளசி போனபோது அவர் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. சுடச்சுடக் களியும் கீரைக் கடைசலும் இருந்த கேரியரைத் தலைமாட்டில் தரையில் வைத்தாள். எறும்பு ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். வேலிப் படலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு பஸ் ஏறப் போனாள்.