ஹேல் வீட்டு வேலைக்காரி

டெட்ராய்ட்டில் வண்டியை எடுத்தது முதல் கிளீவ்லாண்ட் வந்து சேரும்வரை வெர்லீன் பார்க்ஸ்டேல் ஒரே ஆளைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள். எல்பர்ட் ஹேல், அவளுடைய சொந்தத் தாய்மாமன். செத்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் என்ன? செத்துப்போனால் செய்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா? மூன்று மணி நேரம் திட்டியும் அவளுக்கு வாய் ஓயவில்லை.

பக்கத்து இருக்கையில் இரண்டு தாள்கள் கிடந்தன. இரண்டும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பக்கங்கள். இணையத்தில் இரவு பகல் பாராமல் தேடி, அவளே அச்செடுத்தவை. முதலாவது 1910, மிசிசிப்பியில் நாட்செஸ் ஊர். குடும்பத் தலைவி லெட்டீஷியா கேஸ்கின்ஸ், வயது முப்பத்திரண்டு, துணி துவைப்பவள். மகன் எல்பர்ட், பன்னிரண்டு. மகள் ரூபி, இரண்டு. இந்த ரூபிதான் வெர்லீனின் அம்மா.

இரண்டாவது 1940, கிளீவ்லாண்ட். குடும்பத் தலைவர் எல்பர்ட் ஹேல், வெள்ளையர். மனைவி, மகன், அவர்களும் வெள்ளையர். நான்காவது வரியில் லெட்டீஷியா கேஸ்கின்ஸ், கறுப்பர், அறுபத்திரண்டு. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில், வேலைக்காரி.

எல்பர்ட்டுக்குத் தோல் வெளுப்பு. வடக்கே போய், கேஸ்கின்ஸ் என்ற பெயரை உதறிவிட்டு, வெள்ளைக்காரனாகவே வாழ்ந்து முடித்தவன். அப்படிப் போனவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். பிழைக்கப் போனான், தொலையட்டும் என்று வெர்லீனும் விட்டிருப்பாள். பெற்றவளை வரவழைத்து வேலைக்காரி என்று அரசாங்கத்திடம் பதிவு செய்தவனை எப்படி விடுவது? ரூபிக்குப் பதினோரு வயதாகும்போது லெட்டீஷியா ரயிலேறினாள். வடக்கே சமையல் வேலை கிடைத்திருக்கிறது, வெயில் காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று மகளிடம் சொன்னாள். திரும்பவே இல்லை. ரூபி கிழவியான பிறகும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஹேல் குடும்பத்து இடத்தின் மூலையில், 1947-ல் இறந்த லெட்டீஷியாவுக்கு ஒரு சின்னக் கல் இருக்கிறது. 'விசுவாசமுள்ள வேலைக்காரி' என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டு, 'அம்மா' என்று வெட்டிய புதுக் கல்லை நட வேண்டும். வெர்லீனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் இடம் அவர்களுடையது. எல்பர்ட்டின் பேரன் கர்டிஸ் கையெழுத்துப் போடாமல் கல்லைத் தொடக்கூட முடியாது. எச்சிலை வைத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனைக்கு வாருங்கள், ரத்த உறவா இல்லையா என்று தெரிந்துபோகும் என்று அவள் அவனுக்கு இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் முடியாது என்று பதில் வந்தது; நேரில் பேச மட்டும் கடைசியில் ஒப்புக்கொண்டான்.

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் கர்டிஸ் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். அறுபது தாண்டியவன், சலவைச் சட்டை, பதவிசான பேச்சு. எடுத்த எடுப்பில் வெர்லீன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மிசஸ் பார்க்ஸ்டேல் என்று அவள் திருத்தினாள். உட்காருவதற்குள் தாள்களை மேசையில் அறைந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைக் கொட்டினாள். பெற்ற தாயை வேலைக்காரி என்று எழுதிக் கொடுத்தவன் மனுஷனா என்று கேட்டாள்.

கர்டிஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து அதே பக்கத்தைப் பெரிதாக்கி எடுத்த படத்தை வெளியே வைத்தான். லெட்டீஷியாவின் பெயருக்குப் பக்கத்தில், ஒரு வட்டத்துக்குள் பெருக்கல் குறி.

"எங்க தாத்தா சொல்லல மேடம். அந்த வருஷம், கணக்கெடுக்க வந்த ஆளுகிட்ட வீட்டுல யார் பதில் சொன்னாங்களோ அவங்க பேருக்கிட்டதான் இந்தக் குறியைப் போடுவாங்க. அவங்களே தன்னை வேலைக்காரின்னு சொல்லியிருக்காங்க. அதை மாத்த நாம யாரு?"

வெர்லீன் அந்தக் குறியை உற்றுப் பார்த்தாள். வழியெல்லாம் திட்டிய திட்டு ஆள் மாறி லெட்டீஷியாவிடம் போய் நின்றது. நீயேவா சொன்னாய்? முன்பின் தெரியாத ஒருவன் கேட்டதும், கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று நீயேவா சொன்னாய்? மகனுக்காக உன்னை அழித்துக்கொண்டாய், சரி. உன் மகளையும் சேர்த்து அழிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? கர்டிஸ் காப்பியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைத் தொடவில்லை.

இன்னும் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறாள் பார்ப்போம் என்ற ஆத்திரத்தில் அந்த வரியைக் கடைசிவரை படித்தாள். போன வருடம் வேலை செய்த வாரங்கள், ஐம்பத்திரண்டு. வாங்கிய சம்பளம், பூஜ்யம். அவள் விரல் அங்கேயே நின்றது. பிறகு அதே தெருவில் இருந்த மற்ற வேலைக்காரிகளின் வரிகளுக்குப் போனது. ஒருத்திக்கு முந்நூற்றறுபது டாலர், இன்னொருத்திக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு, கீழே ஒரு சின்னப் பெண்ணுக்குக்கூட இருநூறு. பூஜ்யம் லெட்டீஷியாவுக்கு மட்டும்தான்.

அவள் தாளைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்திருப்பார்கள் என்று கர்டிஸ் இழுத்தான்.

"அது மத்தவங்களுக்கும் குடுத்தாங்க, தம்பி. அதுக்கு மேல சம்பளமும் குடுத்தாங்க. அம்மான்னு சொல்ல அவளுக்கு வாய் வரல. பெத்த புள்ளைகிட்ட கூலி வாங்குறேன்னு சொல்லவும் வாய் வரல. அடிமைத்தனம் ஒழிஞ்சு எழுபத்தஞ்சு வருஷத்துக்கப்புறம், வருஷம் பூரா ஒரு கறுப்புப் பொம்பளை சம்பளமே இல்லாம யார் வீட்டுல உழைப்பா? நீயே சொல்லு."

கர்டிஸ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சம்பளக் கட்டங்களில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினான். மறுபடியும் ஓட்டினான். அவன் காது மடல்கள் சிவந்தன. கடைசியில் பேனாவை எடுத்து, கல்லில் என்ன எழுத வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டான்.

வெர்லீன் ஒரே ஒரு வார்த்தையோடுதான் வந்திருந்தாள். இப்போது அது போதவில்லை.

"ரூபியின் அம்மா. அதுக்குக் கீழ, எல்பர்ட்டின் அம்மா."

எழுதப்போன கர்டிஸ் நிறுத்தினான். "தாத்தாதானே மூத்த பிள்ளை? அவர் பேர்தானே முதல்ல வரணும்?"

என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. வெர்லீன் அதைக் கேட்டுச் சந்தோஷப்படும் நிலையில் இல்லை.

"அவன் இருபத்தெட்டு வருஷம் அவளைக் கூடவே வச்சிருந்தான். எங்கம்மா வாசல்ல நின்னது போதும். அவ பேரை மேல எழுது."