ஓடாத ஐந்தாவது ஆல்பம்

எங்கள் ரசிகர் மன்றத்தில் அந்தப் பாடகருக்குப் பெயர் 'நம்ம ஆளு'. அடுத்த மாதம் அவர் எங்கள் ஊர் அரங்கில் பாடுகிறார். எந்த ஆல்பத்தை முழுதாகப் பாடலாம் என்று மன்றத்தையே கேட்டிருந்தார். ஐந்தாவது என்று முடிவானால், அதில் வயலின் வாசித்த என் அக்காவை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஆல்பம் படுத்துப்போன பிறகு அக்காவை யாரும் வாசிக்க அழைக்கவில்லை. இப்போது பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள்.

இன்று கணக்கியல் வகுப்பு முடிந்ததும் நேராக சலூனுக்குப் போனேன். கடை சாத்திய பிறகு கூட்டம் அங்கேதான். சுழல் நாற்காலி தலைவருக்கு. அவர் பழைய கார் வியாபாரி.

"அஞ்சாவதா? அது ஓடவே இல்லையேப்பா. ரெண்டாவது என்ன ஓட்டம் ஓடுச்சு."

"ஓடினதை விடுங்கண்ணே. கேட்டிருக்கீங்களா?"

"ஓடலைன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த சலூன்காரர் என் கட்சி. "ஊரே கேட்ட பாட்டுல என்ன இருக்கு? அஞ்சாவது விவரம் தெரிஞ்சவனுக்குத்தான் புரியும்" என்றார். அவர் சொன்னால் மன்றத்திலிருக்கும் இரட்டையர் இருவரும் தலையாட்டுவார்கள். ஆக, எங்கள் பக்கம் நாலு பேர், தலைவர் பக்கம் நாலு பேர். தலைவர் ஒருவர் மாறினால் போதும்.

அதற்குத்தான் பேருந்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். "போன வாரத்துலேர்ந்து அஞ்சாவது ஓடுதுண்ணே. அந்த சோப்பு விளம்பரத்துல வர்ற வயலின் இதோடதுதான். பாருங்க, லட்சக்கணக்குல கேட்டிருக்காங்க."

தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனில் இருந்த எண்ணைப் படித்தார். "அட. நான் அன்னைக்கே சொன்னேன்ல, அஞ்சாவதுல ஏதோ இருக்குன்னு." அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் கை தூக்கினார். அவருடைய மூவர் அசையவில்லை. ஒரு வாரம் ஓடியதெல்லாம் ஓட்டமா என்றார்கள்.

சலூன்காரர் துணியை உதறினார். "சோப்பு விளம்பரத்துல வந்துடுச்சா? அப்ப எனக்கு வேணாம்."

"அதே பாட்டுதான்ண்ணே. ஒரு சுரம்கூட மாறலை."

"மாறலைதான். நேத்து என் மச்சான் அதை முணுமுணுத்துட்டு இருந்தான். அவனுக்குப் பிடிச்சது எனக்கு எப்படித் தம்பி பிடிக்கும்?"

இரட்டையரும் கையை இறக்கிவிட்டார்கள். மிச்சம், தலைவரும் நானும். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருவருக்கு ஓடாததால் பிடிக்கவில்லை, இன்னொருவருக்கு ஓடியதால் பிடிக்கவில்லை. இதற்கு இரண்டு காது எதற்கு? வழிநெடுக அவர்களைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அக்கா வயலினுக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எது?"

"ரெண்டாவது."

தந்தியை முறுக்கும் குமிழைத் திருகிய விரல் நின்றது. அழவில்லை. பாதி இறுகிய தந்தியைத் தளர்த்திவிட்டுக் கேட்டாள்: "சரி, போகட்டும். போட்டுக் காட்டினப்போ வயலின் இடத்துல என்ன சொன்னாங்க?"

போனில் அந்தப் பாட்டு இருந்தது. அவர்களிடம் எண்ணைத்தான் காட்டினேன். போட்டுக் காட்ட எனக்கும் தோன்றவில்லை.

"போடலைக்கா."

"ஏன்டா?"

வழிநெடுக அவர்களைத் திட்டியவன், அப்போதுதான் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டேன்.