ரெக்கார்டு ரூம் கம்ப்யூட்டரின் மொழி

கழுத்தில் எந்நேரமும் ஒரு கேபிள் தொங்குவதால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவன் ‘வயர்’தான். பதினெட்டு கம்ப்யூட்டரும் அவன் பொறுப்பு. அதில் ரெக்கார்டு ரூமில் இருப்பது ஒன்றுதான் தமிழில் ஓடியது. அங்கிருந்து போனில் உதவி கேட்டு மெனுவைத் தமிழில் வாசித்தால் மட்டும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவன்தான். ஆனால் அந்த மெனுவில் எது எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தத் திரையையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, தமிழை அடியோடு நீக்கிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை ரெக்கார்டு ரூம் அக்கா ஒரு மாதத்துக் கோப்புகளை மொத்தமாக அழித்துவிட்டார். திரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது, அவர் ‘யெஸ்’ஸை அமுக்கியிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் தற்காலிகமாக உழைத்து, அடுத்த மாதம்தான் நிரந்தரமாக வேண்டியவர்.

மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, முதலில் வயரிடம் கேட்டார். “மெஷின்ல ஏதாவது மாத்தினியாப்பா?”

“இல்ல சார்.”

அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வயர் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை அக்கா அவனைத் தேடி வந்தார். கையில் மெமோவுக்கான பதில். ‘தவறு முழுவதும் என்னுடையதே.’

“தம்பி, நான்தான் தெரியாம எதையோ தட்டி மொழிய மாத்திட்டேன் போல. மூணு நாளா வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழையபடி தமிழ் வர வச்சுக் கொடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அக்காவோடு ரெக்கார்டு ரூமுக்குப் போனான். பத்து நிமிஷ வேலை. தமிழ் திரும்பி வந்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. “நல்லா இருப்பா.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“அக்கா, அந்தக் கடுதாசியக் கொடுக்காதீங்க. மாத்தினது நான்தான்.”

அக்கா திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நேத்து சார் கேட்டப்போ நான் உன் பக்கத்துலதானே நின்னேன்?”

அவன் கழுத்துக் கேபிளைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

“இப்பவே சார்கிட்டப் போய்ச் சொல்லிடறேங்க்கா.”

“இரு, நானும் வரேன்” என்று அக்கா எழுந்தார். “நீ சொல்றத நான் என் காதால கேக்கணும்.”