ஆய்வுக்கு வந்த கார்

உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் அய்யாக்குட்டி காலையிலிருந்தே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசு மானியத்தில் கடை வாசலில் மின்சாரக் கார்களுக்கான சார்ஜர் நட்டு மூன்று மாதம் ஆகிறது. ஒரு கார்கூட வரவில்லை. போகிறவன் வருகிறவனெல்லாம், "அண்ணாச்சி, போனுக்குச் சார்ஜ் ஏத்தலாமா?" என்று நக்கலடித்துவிட்டுப் போனான். மீதி மானியம் வரவேண்டுமென்றால், இன்று ஆய்வுக்கு வரும் அதிகாரி முன்னால் ஏதாவது ஒரு வண்டி சார்ஜ் ஏறியாக வேண்டும்.

பத்து மணிக்குத் தன் காரோடு வருவதாகச் சத்தியம் பண்ணியிருந்த ஆலந்தலை ஃபிராங்க்ளின், பத்தரைக்குப் போன் பண்ணி, "மச்சினன் காரை எடுத்துட்டுப் போயிட்டான் அண்ணாச்சி" என்றான்.

"நீ வெளங்குவியாலே!" என்று கத்திவிட்டு அய்யாக்குட்டி போனை வைத்தார்.

"நம்ம ஸ்கூட்டரைக் கொண்டாந்து சொருகும்" என்றாள் மனைவி முத்துக்கனி.

"ஏளா, அது பெட்ரோல் வண்டி!"

அப்போது ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. தொப்பலாக நனைந்த சட்டையோடு அதிகாரி இறங்கினார். அய்யாக்குட்டி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அதெல்லாம் பொறவு பாப்போம்" என்றார் அதிகாரி. " இதுல கரண்ட் வருதா, அத முதல்ல சொல்லுங்க. வழியில ரெண்டு இடத்துல கரண்ட் இல்லாம வெறும் சார்ஜர் கம்பம்தான் நிக்குது. ஏசியை அமத்திட்டு ரெண்டு பர்சென்ட் சார்ஜ்ல வந்து சேந்திருக்கேன்."

அய்யாக்குட்டி சார்ஜர் வயரைக் காரில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

முத்துக்கனி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அதிகாரி படிவத்தை நிரப்பினார். 'கடைசியாகச் சார்ஜ் ஏற்றிய வண்டி' என்ற இடம் வந்ததும், வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கார் நம்பரையே எழுதினார்.