பாண் கொடுக்கிறவன்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பாதிக் கதவுகள்கூடத் திறபடாத நேரம். துஷ்யந்தன் இரவில் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தால் வெளியே வந்தான். கையில் வழக்கமான பை. உள்ளே முதல்நாள் மிஞ்சிய பாண் ரொட்டி என்பது வெளியே காத்து நின்ற கோகிலனுக்குப் பார்க்காமலே தெரியும்.

"உதைக் கொண்டு வராதையெண்டு எத்தினை தரமடா சொல்லுறது?"

"நீங்கள் போடுற ஊறல் புல்லைத் திண்டு அவ மெலிஞ்சு போனா அண்ணை. பாக்கப் பாவமா இருக்கு."

"மெலியத்தான் வேணும்."

"உங்களுக்குப் பட்டினி பழகிப்போச்சு. அவவுக்கு ஏன்?"

யாழ்ப்பாணத்துப் பெடியன் பகிடியாகத்தான் சொன்னான். போர்க்காலத்தில் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கோகிலனுக்கு அது பகிடியாக இறங்கவில்லை. கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடந்தான். இவனை லாயத்து வேலைக்குச் சேர்த்துவிட்டதே தான்தான் என்ற நினைப்பு கூடவே வந்தது.

லெ பிளாங்-மெனில் தாண்டி, ரயிலும் பஸ்ஸுமாகப் போகவேண்டிய லாயம். அவ என்பது அங்கே நிற்கும் கட்டைப் பெட்டைக் குதிரை, காரமெல். காற்றைக் குடித்தாலும் கொழுக்கிற உடம்பு. போன வருடம் தீனியில் சீனியும் மாவும் கூடி, குளம்புக்குள் சூடு பிடித்துப் படுத்துவிட்டாள். இன்னொரு தரம் வந்தால் ஊசி போட்டு முடிப்பதுதான் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் லாயத்துக்காரி ஆலீஸ் அவளுடைய வாயைக் கோகிலனிடம் ஒப்படைத்தாள். மேய விடும்போது முகத்தில் கூடை கட்டவேண்டும். காய்ந்த புல்லை நிறுத்து, தொட்டியில் ஊறவிட்டு, சீனி கரைந்த மஞ்சள் தண்ணீரை வெளியே ஊற்றியபின் சின்னக் கண் வலையில் அடைத்துத் தொங்கவிடவேண்டும். ஒக்டோபரில் இரவு உறைந்து காலையில் வெயில் எறிக்கும் நாட்களில், கூடையோடுகூடப் புல்லுக்கு விடக்கூடாது. அந்த நாட்களில் புல்லில் சீனி ஏறி நிற்கும். மண் முற்றம்தான் அவளுக்கு.

கோகிலன் எல்லாம் செய்தான். பனிக்காலத் தண்ணீரில் விரல் வெடித்தது. எலும்பு தெரியாமல், கொழுப்பும் வைக்காமல் அவளை அளவாக வைத்திருந்தது அவன் கை. ஆனால் அவனைக் கண்டால் காரமெல் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு குண்டியைத் திருப்புவாள். துஷ்யந்தனின் சப்பாத்துச் சத்தம் பாதையில் கேட்டாலோ முற்றமே அதிரக் கனைப்பாள். ஆலீஸ்கூட ஒருநாள், "துஷ்யைப் பாருங்கள், குதிரைகளுக்கு அவனைப் பிடிக்கிறது," என்றாள். அவன் கொடுக்கும் பாண் துண்டைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பெடியனில் எரிச்சல் என்பார்கள். அது உண்மை என்பதால்தான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை துஷ்யந்தன் வரவில்லை, கடையில் பிறந்தநாள் ஓடராம். ஆலீஸ் சவாரி பழகும் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைந்து, அதன்மேல் வெயில் மினுங்கியது. கோகிலன் வலையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது காரமெல் கனைத்தாள். ஒரு கணம் அவன் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு கண்டான். அவள் பார்த்தது அவனை அல்ல, அவன் தோளுக்கு மேலால் பாதையை.

"அவன் வரமாட்டான்," என்றான். "நான்தான் நிக்கிறன். என்னைப் பார்."

அவள் பார்க்கவில்லை. வலையை நிலத்தில் போட்டான். போய்ப் புல்வெளிப் படலையைத் திறந்தான்.

கூடையும் இல்லாமல் அவள் புல்லுக்குள் பாய்ந்தாள். கிட்டப் போய்க் கழுத்தைத் தடவினான். அவள் விலகவில்லை. இத்தனை நாளில் முதல் தடவை. புல்லைக் கிழிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டு, அந்தச் சூட்டில் கையை வைத்தபடி நின்றான். கொஞ்ச நேரம் போதும் என்றுதான் நினைத்தான். பிறகு இன்னும் கொஞ்ச நேரம். ஆலீஸ் வருமுன் இழுத்துக்கொண்டு வந்து கட்டியபோது, அவளுடைய உதட்டில் இருந்த பச்சை நுரையைத் தன் சட்டைக் கையால் துடைத்தான்.

மறுநாள் காரமெல் முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குப் போட்டுச் சாய்ந்து நின்றாள். கோகிலன் குளம்பில் கை வைத்தான். அடுப்புக் கல்லுப் போலிருந்தது. புல் ஊறவைக்கிற அதே தொட்டியில் குளிர்தண்ணீர் நிரப்பி அவளுடைய காலை இறக்கினான். ஆலீஸ் வைத்தியருக்குப் போன் பண்ணிவிட்டு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"புல்லுக்கு விடவில்லை. தீனியும் அளவுதான். யாராவது ஏதாவது கொடுத்தார்களா, கோகிலன்?"

அவன் குளம்பைப் பார்த்தபடி இருந்தான்.

"துஷ்யந்தன் பாண் கொடுக்கிறவன்," என்றான்.

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. ஆலீஸ் மெல்லத் தலையை ஆட்டினாள்.

பாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. துஷ்யந்தன் கையில் இன்றைக்குப் பாண் பையைக் காணவில்லை. கடதாசியில் சுற்றிய பார்சல் ஒன்றுதான். ஆட்டிறைச்சிக் கறி வாசம் முன்னால் வந்தது.

"பிறந்தநாளிலை மிஞ்சினது அண்ணை," தூரத்திலிருந்தே குரல் கொடுத்தான். "உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான். நீங்களும்தான் மெலிஞ்சு போனியள்."

கோகிலன் எழும்பவில்லை. எழும்பவும் முடியாது. நிற்கத் தாங்காமல் காரமெல் தன் கழுத்தின் பாரம் முழுவதையும் அவன் தோளில் சாய்த்திருந்தாள். அவளுடைய மூச்சு சூடாகக் கன்னத்தில் பட்டது. அப்படிச் சாய்ந்தபடியே, இரண்டு காதுகளையும் மெல்லப் பாதைப் பக்கம் திருப்பினாள்.